பத்தொன்பதாம் பிரிவும் ஒரு நாய்க்குட்டியும்

ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு போர்டு கண்ணில் படும். 5எஸ் என்று ஒன்று, கைசன் என்று ஒன்று, ‘ஜீரோ டிஃபெக்ட்’ என்று ஒன்று. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ உருள ஆரம்பித்ததிலிருந்து கார், லாரி, டயர், செல்போன், வாஷிங்மெஷின் என்று என்னென்னவோ செய்து தள்ளுகிற இந்த வட்டாரம், கூடவே ஒரு பாடத்தையும் படித்துவிட்டது. லைனில் குறை வந்தால் ஆளைத் திட்டிப் பயனில்லை, முறையைச் சரி செய் என்பது அந்தப் பாடம். டிப்ளமோ முடித்து நேற்றுச் சேர்ந்த டிரெய்னிக்குக்கூட இது மனப்பாடம். இப்படித் தேறிய ஒருவர் தீபாவளி போனஸில் ஒரு லாப்ரடார் குட்டி வாங்குகிறார் என்று வையுங்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், ஹால் டைல்ஸில் சின்னதாக ஓர் ஏரி. கரையில் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. மனிதர் அதன் பிடரியைப் பிடித்து மூக்கை அந்த ஏரியில் தேய்க்கிறார். கம்பெனியில் படித்ததெல்லாம் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நான் குட்டியின் கட்சி. வீட்டுக்குள் உச்சா போகிற குட்டிமேல் தப்பு கிடையாது. தப்பு வீட்டு நிர்வாகத்தின் மேல். இதை ஏதோ ஜீவகாருண்ய உணர்ச்சியில் சொல்லவில்லை, கணக்குப் போட்டே சொல்கிறேன். பிறந்த குட்டிக்குத் தானாக ஒன்றுக்கோ ரெண்டுக்கோ போகவே தெரியாது. தாய் நாய் நக்கிவிட்டால்தான் போகும், அதைத் தாயே சுத்தமும் செய்துவிடும். மூன்று வாரம் ஆனதும், இன்னும் நடை தள்ளாடும்போதே, படுத்த இடத்தை விட்டு நாலடி நகர்ந்து போக ஆரம்பிக்கிறது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. படுக்கிற இடம் வேறு, கழிக்கிற இடம் வேறு என்கிற ஞானம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. ஏழு, எட்டு, ஒன்பது வாரங்களில் இன்னொரு பழக்கம் சேர்கிறது: காலுக்கடியில் எது இருந்தால் போகலாம் என்பது. மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். கூண்டுக்குள் செய்தித்தாள் விரித்து வளர்த்த குட்டி செய்தித்தாளைத் தேடும். அதில் காலைப் பதிப்பு, மாலைப் பதிப்பு என்ற பேதமெல்லாம் பார்க்காது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. ஆக, சட்டப்படி வாங்கினாலும் உங்கள் கைக்கு வரும்போது குட்டிக்குப் பாதிப் படிப்பு முடிந்திருக்கிறது. மீதிப் பாதியில் நாம் அதைக் குழப்பாமல் இருந்தால் போதும்.

இப்போது மூத்திரப்பைக் கணக்குக்கு வருவோம். பகல் வேளையில் ஒரு குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு குத்துமதிப்பு வாய்ப்பாடு உண்டு: வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். அதுவும் உச்சவரம்பு; விளையாட்டில் இருந்தால் அரை மணிக்கே போய்விடும். மறுபக்கம் ஷிப்ட் எட்டு மணி நேரம். படப்பையிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ பஸ் பிடித்துப் போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் பத்து. பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் மூன்று மணி நேரக் கொள்ளளவுள்ள பாத்திரம் நிரம்பி வழியாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்தப் பொறியியல் கல்லூரிப் பாடம் என்று தெரியவில்லை. மனிதர்கள் விஷயத்தில் நம் நாடு இவ்வளவு கல்நெஞ்சோடு இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு கழிப்பறையைப் பற்றியது. கழிப்பறை கட்டினால் மட்டும் போதாது, அது வசதியான இடத்தில் இருக்க வேண்டும், தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் எல்லா நேரத்திலும் அவருக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதி வைத்தார்கள். அசெம்பிளி லைனில் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். கன்வேயர் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலீவர் வந்து இடத்தைப் பிடித்தால்தான் நகர முடியும். ரிலீவர் வரத் தாமதமாகும் அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு மனிதன் எதைப் பற்றிச் சிந்திக்கிறான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அதே மனிதன், ரிலீவரே இல்லாமல் பத்து மணி நேரம் நின்ற குட்டியைப் பார்த்து ‘உனக்கு அறிவில்லையா’ என்கிறான்.

‘அடித்தால்தானே பயம் வரும், பயம் வந்தால்தானே பழக்கம் வரும்’ என்பது முதல் ஆட்சேபணை. இதற்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது குட்டியின் முகத்தை. ‘பாருங்க சார், தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது. காதை மடக்கிக்கிட்டு மூலையில போய் உக்காந்துக்குது.’ நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இந்தக் குற்றவாளி முகத்தைத்தான் சோதித்துப் பார்த்தார். பதினான்கு நாய்கள். தின்னாதே என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்பதைச் சில சமயம் அவரிடம் மாற்றிச் சொல்வார்கள். முடிவு என்னவென்றால், தின்றதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. திட்டு விழுந்ததற்கும் அந்த முகத்துக்கும்தான் சம்பந்தம். தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டன. செய்யாத தப்புக்கு மெமோ வாங்கிய எவரும் இதை ஆராய்ச்சி இல்லாமலே ஒப்புக்கொள்வார். நாய் ஒரு காரியத்தையும் அதன் விளைவையும் முடிச்சுப் போட வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே ஓரிரு நொடிதான் இருக்கலாம். மதியம் ஒரு மணிக்குப் போன உச்சாவுக்கு மாலை ஐந்தரைக்கு விழும் அடி, குட்டியின் கணக்கில் நீங்கள் வீட்டுக்கு வந்ததற்கான அடி. அப்படியே கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும், அது கற்றுக்கொள்வது ‘இந்த ஆள் எதிரே போகக் கூடாது’ என்பதை மட்டும்தான். அப்புறம் வெளியே கூட்டிப்போனால் உங்கள் முன்னால் போகாது. பத்திரமாகத் திரும்பி வந்து, நீங்கள் குனிந்தாலும் எட்டாத கட்டிலடியில் போகும். பயம் வேலை செய்திருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது.

பயம் பிடிக்காத ஒரு பழைய மேதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். தவறே நேரவிடாத முறை என்று நம் கம்பெனிகள் ‘போகா யோகே’ பாடம் எடுக்கின்றனவே, அதை உருவாக்கிய ஷிகியோ ஷிங்கோ. 1961-ல் யமடா எலக்ட்ரிக் ஆலையில் ஒரு சின்ன சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும்; தொழிலாளிகள் அவ்வப்போது மறந்துவிடுவார்கள். கவனமாக இருங்கள் என்று எச்சரித்துப் பார்த்தும் மாதக்கணக்கில் தீரவில்லை. ஷிங்கோ வந்து ஒரு தட்டு வைத்தார். முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போடு, பிறகு சுவிட்சுக்குள் வை. தட்டில் ஸ்பிரிங் மிஞ்சியிருந்தால் மறந்துவிட்டாய் என்று அர்த்தம். விஷயம் முடிந்தது. வீட்டில் அந்தத் தட்டுக்குச் சமமானது மிதியடியை எடுத்துவிடுவது. குட்டி ஏன் எப்போதும் மிதியடியில்தான் போகிறது என்று நொந்துகொள்ளாத வீடு இல்லை. மெத்தென்று இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது, காலில் தெறிப்பதில்லை. குட்டியின் பாதத்துக்கு அதுதான் வீட்டுக்குள் கிடைக்கிற புல்தரை. வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் நடுவே ஒரே ஒரு புல்தரையை விரித்து வைத்துவிட்டு ‘இங்கே போகாதே’ என்று சொல்வது என்ன நியாயம்? ஆறு மாதத்துக்கு மிதியடியைச் சுருட்டி பரண் மேல் போட்டுவிடுங்கள். பாதிப் பிரச்சினை தானே தீரும். பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டோம் என்கிற திருப்தியும் ஏமாற்று வேலைதான். பினாயில் மறைப்பது நம் மூக்குக்கு; குட்டி அதற்கு அடியில் இருக்கிற பழைய வாசனையைப் படித்துவிட்டு, ‘ஓ, கழிப்பறை இங்கேதான்’ என்று அதே இடத்தில் கையெழுத்துப் போடும். அம்மோனியா வாடை அடிக்கும் கிளீனர் என்றால் இன்னும் விசேஷம், அது மூத்திர வாடையின் பங்காளி. என்ஸைம் கலந்த கிளீனர் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கிறது. அதுதான் வாசனையை வேரோடு அறுக்கும்.

கம்பெனியில் ‘ஐந்து ஏன்’ என்றொரு பயிற்சி கொடுப்பார்களே, அதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஹாலில் ஏன் போனது? கதவு சாத்தியிருந்தது. ஏன் சாத்தியிருந்தது? திறக்க வேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஏன் தூங்கினார்? ராத்திரி சி ஷிப்ட் முடித்துக் காலை ஆறரைக்குத்தான் வந்து படுத்தார். பக்கத்தில் இருந்தவர் ஏன் திறக்கவில்லை? குட்டி ஆறு மணிக்கே பால் குடித்த விஷயம் அவருக்குத் தெரியாது. ஏன் தெரியாது? பால் ஊற்றியவர் சொல்லாமல் ஏ ஷிப்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். ஐந்தாவது ஏனில் வந்து நிற்பது ஹேண்டோவர் இல்லாத குடும்பம். குற்றவாளியாகக் குட்டியின் பெயர் எந்த ஏனிலும் வரவே இல்லை, கவனித்தீர்களா.

‘அந்தக் காலத்தில் நாய்க்கு யார் ஐயா கக்கூஸ் பழக்கம் சொல்லிக் கொடுத்தார்கள்? கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் தானே வெளியே போய்விட்டு வரவில்லையா?’ இது கிராமத்திலிருந்து வந்து தங்கும் பெரியவர்களின் ஆட்சேபணை. நியாயமான கேள்விதான், ஆனால் பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ராஜபாளையம் நாயை 2005-ல் தபால்தலையில் ஏற்றினோமே தவிர, எந்தக் காலத்திலும் நடுவீட்டில் ஏற்றியதில்லை. அது திண்ணைக்குக் கீழே படுத்தது, தோப்பில் காவல் இருந்தது, முயல் விரட்டியது. வெளியே வசித்த பிராணிக்கு வெளியே போகப் பயிற்சி எதற்கு? அதை ஹாலுக்குள் கொண்டுவந்து, ஏசி போட்டு, சோபாவில் உட்கார வைத்து, கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டது நாம். தாழ்ப்பாள் அதற்கு எட்டாது.

வெளியே என்று சொல்கிறோமே, அந்த வெளி எங்கே இருக்கிறது என்பதும் இந்த வட்டாரத்தில் ஒரு கேள்வி. முப்பது வருஷத்துக்கு முன் வயலும் ஏரியுமாக இருந்த பூமி இது. இன்று வீட்டு வாசலைத் தாண்டினால் பேவர் பிளாக், அதைத் தாண்டினால் சிமென்ட் ரோடு, அதையும் தாண்டினால் கன்டெய்னர் லாரி. பிளாட் போட்டு விற்ற லேஅவுட்டுகளில் வீடு கட்டாத மனைகள் சீமைக்கருவேல முள்ளோடு கிடக்கின்றன. குட்டியின் பாதத்துக்குத் தெரிந்த மண் அங்கேதான் மிச்சமிருக்கிறது. பேவர் பிளாக்கில் நிறுத்தி ‘போ, போ’ என்றால் அது உங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா நிற்கும். அதன் புத்திக்கு ஹால் டைல்ஸும் பேவர் பிளாக்கும் ஒரே ஜாதி. இதில் நம்முடைய முன்மாதிரியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் லாரியை ஓரங்கட்டி நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே நாய்க்கு நாகரிகம் போதிக்க முடியாது. வெட்டவெளியில் போகிற மனிதர்களை வீட்டுக் கழிப்பறைக்குள் போகவைக்க 2014 அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா என்று ஒரு தேசியத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும், பழக்கம் வர வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பேசத் தெரிந்த, படிக்கத் தெரிந்த, விளம்பரம் பார்க்கத் தெரிந்த ஜீவனுக்கே இவ்வளவு அவகாசம் கொடுத்தோம். குட்டிக்குக் கொடுப்பது மூன்று நாள். காம்பவுண்டுச் சுவரில் சாமி பட டைல்ஸ் பதித்து மனிதர்களைத் தடுக்கிற உபாயமும் நாயிடம் செல்லாது. பைரவர் வாகனம் என்கிற உரிமை அதற்கு இருக்கிறது.

‘தடுப்பூசி முடியும்வரை வெளியே விடாதீர்கள் என்று டாக்டரே சொல்கிறாரே?’ ஆட்சேபணைகளிலேயே கனமானது இதுதான், இதைக் கிண்டலடித்துத் தப்பிக்க முடியாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய் நடமாடும் இடத்தில் தடுப்பூசி முடியாத குட்டியை இறக்கினால் சில நாட்களிலேயே ரத்தபேதியில் போய்விடலாம். ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கொன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். அதுவரை பழக்காமல் விட்டால் மிதியடிப் பழக்கம் வேரூன்றிவிடும். ஆகவே, மண்ணுக்குக் குட்டி போக முடியாதபோது குட்டியிடம் மண் வர வேண்டும். அகலமான பிளாஸ்டிக் டிரே ஒன்றில் நர்சரியில் விற்கும் செம்மண்ணை நிரப்பி பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வையுங்கள். குட்டியை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போய் அதில் விடுங்கள். நாய்கள் வராத சொந்த காம்பவுண்டு மண் இருந்தால் அதுவே போதும். டிரேயில் பழகினால் பிறகு வெளியே போகாதே என்பார்கள். செய்தித்தாளிலும் பஞ்சு பேடிலும் பழக்கினால் அந்தப் பயம் நியாயம். மண்ணில் பழகிய பாதம், டாக்டர் பச்சைக்கொடி காட்டிய அன்று காலி மனையின் மண்ணையும் அடையாளம் கண்டுகொள்ளும். அன்றிலிருந்து கையில் ஒரு பையும் வேண்டும். ரெண்டுக்குப் போனதை எடுத்துப்போடுவது உங்கள் வேலை, பக்கத்து மனைக்காரர் வேலை இல்லை.

ஷிப்ட் வாராவாரம் மாறுகிறதே, எந்த நேரத்தை வைத்துப் பழக்குவது என்பார்கள். கடிகாரத்தை விட்டுவிடுங்கள், குட்டிக்கு அது தெரியாது. தூங்கி எழுந்ததும் ஒரு முறை. சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஒரு முறை, ஏனென்றால் வயிற்றில் உணவு விழுந்தாலே குடல் நகர ஆரம்பிக்கும். விளையாடி முடித்ததும் ஒரு முறை. படுக்கப் போகும்முன் ஒரு முறை. இவை ஏ ஷிப்டிலும் வரும், சி ஷிப்டிலும் வரும். இவற்றுக்கு நடுவே குட்டியே சைகை காட்டும். பந்தை வாயிலிருந்து பாதியில் போட்டுவிடும். மூக்கு தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே இடத்தை இரண்டு முறை முகர்ந்து, அரை வட்டம் அடித்து, முதுகை லேசாக வளைக்கும். முதுகு வளைந்ததற்கும் ஏரி உருவானதற்கும் இடையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ‘ஐயோ’ சொல்லும் நேரம். அதை ஐயோ சொல்வதில் செலவழிக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போய் முடித்தவுடன், அங்கேயே, ஒரு துண்டு பிஸ்கட். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்கான கூலி என்று எடுத்துக்கொள்ளும். சுங்குவார்சத்திரம், மாத்தூர் பக்கத்து பேச்சிலர் ரூம்களில் மூன்று ஷிப்டிலும் ஆள் இருப்பதால் எந்நேரமும் ஒருவர் விழித்திருப்பார். கணக்குப்படி குட்டி வளர்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் எல்லோருடைய நாய் யாருடைய நாயும் இல்லை என்பதால், அங்கேதான் தரை அதிகமாக நனைகிறது. சமையல் முறை எழுதி ஒட்டியிருக்கும் அட்டையில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் தீரும்.

குட்டி இடம் பார்த்துச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துப் பொறுமை இழப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மன், செக் ஆராய்ச்சியாளர்கள் எழுபது நாய்களை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து, 1,893 முறை ரெண்டுக்கும் 5,582 முறை ஒன்றுக்கும் போனதைக் குறித்து வைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு தெற்காக நின்று போக விரும்புகின்றன என்று 2013-ல் கட்டுரை வெளியிட்டு, அடுத்த வருஷம் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். மனை வாங்கும்போது வாஸ்து பார்த்து ஆறு மாதம் அலைந்தவர்கள் குட்டிக்கு ஆறு நிமிடம் கொடுக்கக் கூடாதா?

பழக்கம் படியாததற்கு இந்த ஊருக்கென்றே இன்னொரு காரணம் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. போனஸ் தீபாவளிக்கு வருகிறது. குட்டியும் தீபாவளிக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான் வருகிறது. வாங்கிய குட்டிக்கு வெளியே போகப் பழக்க வேண்டிய முதல் எட்டு வாரமும் லேஅவுட் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஈரத்தில் கால் வைக்க மறுத்து வாசலில் நின்று நடுங்கும் குட்டியைக் குடைக்குள் கொண்டுபோய் நிறுத்தினால், அது உங்கள் செருப்பின்மேல் ஏறி நிற்கும். பட்டாசுச் சத்தம் வேறு. வெளியே என்றாலே வெடியும் வெள்ளமும் என்று முதல் வாரத்திலேயே அதன் மனதில் எழுதிவிட்டு, பிறகு வெளியே போகவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

ஆகையால் குட்டி வாங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தாளில் ஏ, பி, சி, ஜெனரல் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருக்கப்போகிறவர் பெயரை எழுதுங்கள். மாமியார் பெயரை எழுதுவதானால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஏதாவது கட்டம் காலியாக நின்றால் குட்டி வேண்டாம். கம்பெனி கேட் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிற வளர்ந்த நாட்டு நாய் ஒன்றுக்கு ஊசி போட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். வளர்ந்த நாய் ஆறு மணி நேரம் தாங்கும், மண் எது என்றும் அதற்குத் தெரியும். எல்லாக் கட்டத்திலும் பெயர் விழுந்தால் தாராளமாகக் குட்டி வாங்குங்கள். ஆனால் போனஸை பாங்கில் போட்டுவிட்டு, பொங்கல் கழித்து வாங்குங்கள்.